நேரத்துக்கு வெளிக்கிட்ட பாதை

அன்று காலை பாதை சொன்ன நேரத்துக்கு வெளிக்கிட்டது. நடந்தது அவ்வளவுதான். அதற்குப் படுவான்கரை முழுக்க என்னை ஏசித் தீர்த்தது.

வாவியைக் கடந்திராதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பெரிய தோணிகளைப் பக்கம் பக்கமாகக் கட்டி, மேலே பலகை அடித்து, சுற்றிவரக் கயிறு இழுத்தால் அதற்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்கு ஆள், ஆடு, சைக்கிள், நெல் மூட்டை எல்லாம் அதில்தான் போகும். பின்பக்கம் ஒருவர் நின்று நீளக் கம்பைத் தண்ணீருக்குள் ஊன்றித் தள்ளுவார். அந்தப் பாதைக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. ஆள் நிரம்பாமல் வெளிக்கிடாது.

அன்று முதலில் ஏறியது நான். எனக்குப் பின்னால் பொன்னம்மாக்காவின் ஆடு. பொன்னம்மாக்கா விடியற்காலையில் மண்முட்டியில் தயிர் கொண்டுவந்து, எங்கள் கரையில் பஸ் நிற்கும் இடத்தில் விற்றுவிட்டு, வெறும் முட்டியோடு படுவான்கரைக்குத் திரும்புகிறவர். ஆட்டை வீட்டில் விட்டால் கத்தி ஊரைக் கூட்டும் என்று அதையும் கூடவே கொண்டு திரிவார். ஆட்டை ஏற்றிவிட்டு, மரத்தடியில் வைத்த தயிர்முட்டியை எடுக்கத் திரும்பினார்.

அந்த நேரம் பார்த்து ஒரு மணிக்கூடு கிணுகிணு என்று அடித்தது. பாதைக்காரர் சாமித்தம்பி அண்ணன் கயிற்றை அவிழ்த்தார். கம்பை ஊன்றினார். பாதை நகர்ந்துவிட்டது.

"சாமித்தம்பி அண்ண! என்ட ஆடு! என்ட ஆடு போகுது!"

கரையில் இருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர்கள், தலை சீவிக்கொண்டிருந்தவர்கள், புடவை மூட்டையை இறக்கிவைத்துக் கால் நீட்டிக்கொண்டிருந்த அலியார் காக்கா என்று எல்லாரும் எழும்பி ஓடிவந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பாதையை அத்தனை வருடத்தில் ஒருவரும் தவறவிட்டதே இல்லை. எப்படித் தவறவிடுவது? எல்லாரும் ஏறினால்தானே அது போகும்?

"ஏழரை எண்டா ஏழரைதான்!" என்று சாமித்தம்பி அண்ணன் கரையைப் பார்த்துச் சத்தம் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, படு மரியாதையாக, "சரிதானே டீச்சர்?" என்றார்.

புதுச் சவரம். கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டிய வெள்ளைச் சேட்டு. கயிறு கட்டும் கட்டையில் ஒரு மேசை மணிக்கூடு தொங்கியது. நடு வாவியில் நானும் ஆடும் மட்டும். ஆடு என் கொப்பியின் மூலையைத் தின்னத் தொடங்கியது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கக் கூடியது. தண்ணீர் சத்தத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பது அன்றுதான் தெரிந்தது. நான் சிரித்தது கரையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டிருக்கிறது.

கொப்பி வைத்திருந்த குற்றம்

நான் அப்போது படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் சித்திரம் படிப்பித்தேன். டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து, பாதையில் கடந்து, பிறகு வயல் வரம்பால் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டும். பஸ்ஸுக்கும் நடைக்கும் சேர்த்துப் போகும் நேரத்தை விடப் பாதை நிரம்பக் காத்திருக்கும் நேரம் கூட.

முதல் மாதம் எனக்கு வந்ததே கோபம்! காலைத் தரையில் உதைத்துக்கொண்டு நிற்பேன். "டீச்சர், நிலம் என்ன செஞ்சது?" என்று பொன்னம்மாக்கா கேட்பார். கோபித்துப் பயனில்லை என்று தெரிந்த பிறகு, பையிலிருந்து கொப்பியை எடுத்து எதிரே தெரிந்ததை எழுதவும் கீறவும் தொடங்கினேன். அது பழகிப் போய்விட்டது. பிறகு பாதை கெதியாக நிரம்பும் நாட்களில் எனக்குக் கவலையாக இருக்கும். அப்படியும் ஒரு விசர் பிடித்துக்கொள்ளும் என்று யார் கண்டது?

கொப்பி மட்டும் என்றால் பிழையில்லை. நான் ஒரு நூலும் வைத்திருந்தேன். ஆட்கள் சாமானைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கை எந்த உயரத்தில் இருக்கிறது என்று என் உடம்போடு வைத்துப் பார்த்து, அந்த அளவுக்கு நூலில் முடிச்சுப் போடுவேன். ஒருநாள் பாதையின் நீள அகலத்தையும் அதே நூலால் அளந்தேன். போதாதற்கு, "அண்ண, ஒரு தரத்துக்கு எத்தனை பேரை ஏத்துவீங்க?" என்று வேறு கேட்டேன். என் வாயைச் சொல்ல வேண்டும்.

டவுனில் இருந்து வருகிற ஒருத்தி, கொப்பியோடு நின்று பார்க்கிறாள், எழுதுகிறாள், அளக்கிறாள், ஆள்கணக்குக் கேட்கிறாள். சாமித்தம்பி அண்ணன் வேறு என்ன நினைப்பார்? அரசாங்கம் தன்னைப் பற்றி அறிக்கை எழுத ஆள் அனுப்பியிருக்கிறது, பாதையைப் பறித்து வேறு யாருக்கோ கொடுக்கப் போகிறது என்று நினைத்துவிட்டார். அந்தச் சவரம், அந்தச் சேட்டு, அந்த மணிக்கூடு எல்லாம் அதற்காகத்தான். மணிக்கூடு மருமகனிடம் இரவல் வாங்கியது என்று பிறகு அறிந்தேன்.

"நான் சித்திர டீச்சர் அண்ண. சும்மா பாக்கிறன்."

"ஓம் ஓம். சும்மாதான். ஆரு இல்லையெண்டது?" என்று கண்ணைச் சிமிட்டுவார். சும்மா பார்க்க ஒருவருக்குச் சம்பளமா என்று பின்னால் கேட்டதாகக் கேள்வி.

அந்தக் கிழமை முழுக்க அவர் நேரத்துக்குப் போனார். ஊரே குழம்பியது. பாதை நிரம்பினால் எட்டு மணி என்று வைத்து அடுப்பு மூட்டுகிறவர்கள் இருந்தார்கள். மூன்று ஆசிரியர்கள் பள்ளிக்கூடத்துக்குச் சுணங்கி வந்தார்கள். ஏன் சுணக்கம் என்று அதிபர் கேட்டபோது, பாதை நேரத்துக்கு வெளிக்கிட்டுவிட்டது என்று மூன்று பேரும் உண்மையைச் சொல்லி, மூன்று பேரும் ஏச்சு வாங்கினார்கள்.

நாற்பது மண்வெட்டிகள்

அதிபரை எல்லாரும் பெரிய டீச்சர் என்று கூப்பிட்டோம். மெதடிஸ்த போதகரின் மகள். வெள்ளைச் சீலை, ஒரு மடிப்புக் கலையாது. கையில் சின்ன மணிக்கூடு. பேச்சை முடித்ததும் அதைப் பார்ப்பார், அந்தப் பேச்சுக்கு எத்தனை நிமிஷம் பிடித்தது என்று அறிவதற்கு. பள்ளிக்கூடச் சுவர்களில் அவருடைய எழுத்தில் கட்டளைகள் ஒட்டியிருக்கும். ஓடக் கூடாது. மாங்காய் பிடுங்கக் கூடாது. ஜன்னலால் ஏறி இறங்கக் கூடாது. கடைசிக் கட்டளையை மீறிய நான்கு பெண்பிள்ளைகளை ஒரு காலை முழுக்க வெயிலில் நிற்க வைத்திருக்கிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை, வாயைத் திறக்கத் தைரியமும் வரவில்லை.

எனக்கு வகுப்பறை இல்லை. மரத்தடியில்தான் சித்திர வகுப்பு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தாள்கள் பறந்து வயலுக்குள் போகும். ஒரு வருடப் பரீட்சைச் சித்திரங்களில் பாதியை எருமை மிதித்தது. எருமைக்கு நான் எத்தனை புள்ளி போடுவது?

பள்ளிக்கூடத்தின் கோடியில் ஒரு பழைய களஞ்சிய அறை சும்மா கிடந்தது. கிழக்குப் பக்கம் ஒரு கதவு. மேற்குப் பக்கம், நெல் மூட்டை ஏற்றி இறக்குவதற்காகக் கம்பி போடாத பெரிய ஜன்னல், இடுப்பளவு உயரம்கூட இல்லை. அந்த அறை எனக்கு வேண்டும். வேறு எதையும் நான் வாழ்க்கையில் அப்படி ஆசைப்பட்டதில்லை. போகும்போதும் வரும்போதும் அதன் பூட்டைத் தொட்டுவிட்டுப் போவேன்.

பெரிய டீச்சருக்கும் அது வேண்டும். பள்ளித் தோட்டத்துக்கு வந்த நாற்பது மண்வெட்டிகளை வைப்பதற்கு.

நான் போய்க் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சித்திரத்தை ஆக்கள் எவ்வளவு நேரம் பாக்கிறாங்க, டீச்சர்? ஒரு செக்கன். ரெண்டு செக்கன். அதுக்கு ஒரு அறையா?"

"ஒழுங்காக் காட்டினா பத்து நிமிஷம் பாப்பாங்க," என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பத்து நிமிஷம் என்று இன்றுவரை தெரியாது.

"அப்பிடியா? பெற்றார் தினத்தண்டு அந்த அறையைத் தாறன். ஒரே ஒரு ஆள் உள்ளுக்குப் போய்ப் பத்து நிமிஷம் நிண்டாக் காணும், சாவி உங்களுக்கு. இல்லாட்டி மண்வெட்டிக்கு."

மணிக்கூட்டைப் பார்த்தார். பேச்சு முடிந்தது.

மூக்கு சரியில்லை

பத்து நிமிஷம் ஆளை நிறுத்துவதற்கு என்னிடம் என்ன இருந்தது? பாதையில் இருந்து கீறிய படங்கள் இருந்தன. அவற்றைப் பொன்னம்மாக்காவிடம் காட்டினேன்.

"இது ஆரு புள்ள?"

"நீங்கதான்."

"எனக்கு மூக்கு இப்பிடியா? எனக்கு இது மூக்கெண்டா உனக்கு என்ன பேர்?"

கட்டாக எடுத்து ஓரமாக வைத்தேன். அழுகை வந்தது, அழவில்லை. ஊர் ஏசிய ஏச்சில் இரவல் மணிக்கூடு மருமகனிடமே திரும்பிவிட்டதால், அன்று பாதை நிரம்ப நெடுநேரம் ஆனது. முகங்களைப் பார்க்கவே பிடிக்காமல் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐயோ, எத்தனை மாதம் எதிரே நின்றதை நான் பார்க்காமல் இருந்திருக்கிறேன்! பாதை எந்தப் பக்கம் சரிந்தாலும் பொன்னம்மாக்காவின் இடுப்பில் இருக்கும் தயிர்முட்டி சரியாது. அவர் சரிவார், அது நேரே நிற்கும். சைக்கிள் கொண்டுவருகிற ஒருவர் கரை சேரும் வரை பெருவிரலால் மணியைப் பொத்திக்கொண்டே நிற்பார். ஆஸ்பத்திரியில் இருந்து வருகிறவர்கள் மருந்துப் போத்தலை எப்போதும் நெஞ்சுக்கு மேலே பிடிப்பார்கள். அலியார் காக்கா காத்தான்குடியில் இருந்து புடவை மூட்டையும் குடையும் கொண்டுவருவார். அந்தக் குடையை அவர் விரித்து ஒருவரும் கண்டதில்லை. மழை பெய்தால் குடையைச் சீலைத் துணியால் சுற்றி, அது நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தான் நனைவார். காலையில் தண்ணீரில் பட்ட வெயில் எல்லாருடைய தாடைக்குக் கீழேயும் ஆடிக்கொண்டிருக்கும். இறங்கும்போது கடைசி அடி பலகையிலும் விழாது, மண்ணிலும் விழாது, தண்ணீரில்தான் விழும்.

ஆளைக் கீறத் தேவையில்லை என்று அப்போதுதான் பட்டது. ஆளை எடுத்துவிட்டுச் சாமானை அதே உயரத்தில் அந்தரத்தில் நிறுத்தினால் போதும். நூலில் முடிச்சு ஏற்கனவே இருந்தது! நான் எழும்பிக் குதித்தேன். பாதை ஆடியது. "டீச்சர், இருங்க, பாதை கவிழும்," என்றார் சாமித்தம்பி அண்ணன், அறிக்கையில் இதை எழுதாதே என்கிற முகத்தோடு.

போன வருடம் கொழும்பில் இருந்து வந்த ஒரு பெண், இதற்கு இப்போது நிறுவல் கலை என்று பெயர், படிப்பெல்லாம் இருக்கிறது என்று சொன்னாள். இருக்கட்டும். அன்று எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்கு இருந்த பெயர், "சித்திர டீச்சருக்கு என்னமோ நடந்திற்று."

ஒரு நாள் இரவல்

பெற்றார் தினத்துக்கு முதல் நாள் மாலை எல்லாரிடமும் இரவல் கேட்டேன். பொன்னம்மாக்கா முட்டியையும் ஆட்டுக் கயிற்றையும் தந்தார். "ஆடு வேணாமா?" என்றார். வேண்டாம் என்றேன். அலியார் காக்கா குடையை இரண்டு கையாலும் நீட்டினார், ஆனால் விடவில்லை.

"விரிக்க மாட்டீங்கதானே, புள்ள?"

"மாட்டன் காக்கா."

"கலியாணத்துக்கு மாமா தந்த குடை. விரிச்சா மடிப்புக் கொலஞ்சிரும்."

சத்தியம் பண்ணிய பிறகுதான் விட்டார். மருந்துப் போத்தல், சைக்கிள் மணி, மீன் கூடை, கோட்டுக் கச்சேரிக்குப் போகிறவரின் காணி உறுதிச் சுருள் எல்லாம் சேர்ந்தன. உறுதிக்குப் பதிலாகச் சுருட்டிய பழைய பேப்பர்தான் கிடைத்தது, அவர் என்ன விசரரா?

சாமித்தம்பி அண்ணன் மட்டும் கம்பைத் தர மாட்டேன் என்றார்.

"கம்பைக் குடுத்தாப் பாதையையே குடுத்த மாதிரி. நீங்க எழுதுறதை எழுதுங்க டீச்சர். கம்பு என்ட கையிலதான் இரிக்கும்."

கெஞ்சினேன், கோபித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அவருடைய இடத்தைக் காலியாகவே விட்டேன். அறையின் பின்பக்கத்தில் அவர் எப்படிக் காலை அகட்டி நிற்பாரோ அப்படியே வெண்கட்டியால் இரண்டு பாதங்களைக் கீறிவைத்தேன். வலது கால் கொஞ்சம் முன்னால்.

மற்றவையெல்லாம் தங்கூசியில் தொங்கின. தங்கூசி என்றால் வலை பின்னும் நைலோன் நூல், தள்ளி நின்றால் கண்ணுக்குத் தெரியாது. சுற்றிவரப் பாதையின் அளவுக்குக் கயிறு இழுத்தேன். ஜன்னலுக்கு வெளியே நிலத்தில் ஆறு பேசின்களில் தண்ணீர் நிரப்பி வைத்தேன். பின்னேர வெயில் அதில் பட்டு, ஜன்னலால் ஏறி, அறைக்குள் தொங்கிய எல்லாவற்றின் அடிப்பக்கத்திலும் ஆடியது. ஈரக் கயிறும் மீன் கூடையும் சேர்ந்து வாவி மணத்தைக் கொண்டுவந்தன. தனியே நின்று பார்த்தேன்.  இவ்வளவு வடிவாக ஒன்றை நான் அதற்கு முன் செய்ததில்லை, அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

முப்பத்திரண்டு செக்கன்

முதலில் வந்தவர்கள் கிராமச் சங்கத்துப் பெரியவர்கள் மூன்று பேர். உள்ளே வந்தார்கள். மேலே பார்த்தார்கள். கீழே பார்த்தார்கள்.

"எலி பயமோ? எல்லாத்தையும் கட்டித் தூக்கியிரிக்கு."

போய்விட்டார்கள். வாசலில் வாங்கு போட்டு உட்கார்ந்திருந்த பெரிய டீச்சர் மணிக்கூட்டைப் பார்த்து, "முப்பத்திரண்டு செக்கன்," என்றார்.

அடுத்து வந்த இருவர் சாமான் விலைக்கா என்று கேட்டார்கள். அடுத்தவர் மணியை ஒரு தரம் அடித்துவிட்டுப் போனார். பக்கத்து மண்டபத்தில் கேக் வைத்திருந்தார்கள், நான் யாரைப் பிழை சொல்வது? நான்கு மணி தாண்டிவிட்டது. தோட்டக்காரர் மண்வெட்டிகளைக் கொண்டுவந்து கதவோரம் சாத்தத் தொடங்கினார். ஒவ்வொன்றும் டங் டங் என்று விழுந்தது என் நெஞ்சில்தான்.

அப்போது பொன்னம்மாக்கா ஆட்டோடு வந்தார். ஆட்டைப் பிடிக்கக் கயிறு இல்லை, அது தொங்கிக்கொண்டிருந்தது, அதனால் காதைப் பிடித்துக்கொண்டு வந்தார். முட்டியைத் தேடிக் கண்டுபிடித்தார். கிட்டப் போனார். தன்னை அறியாமலே இடுப்பைச் சரித்து அதன் கீழே கொடுத்தார். ஒரு விரல் இடைவெளி இல்லை, அப்படியே பொருந்தியது.

"அடி ஆச்சி! இது நானெல்லோ!"

வெளியே பார்த்துக் கூவினார். "அலியார் காக்கா! இஞ்ச வாங்க, நீங்களும் நிக்கிறீங்க!"

அலியார் காக்கா ஓடிவந்து குடையின் பக்கத்தில் நின்றார். கைப்பிடி சரியாக அவருடைய உள்ளங்கையில் வந்து இருந்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். சைக்கிள்காரர் பெருவிரலால் மணியைப் பொத்திக்கொண்டு நின்றார். கேக் தின்றுகொண்டே வந்தவர்கள் தங்கள் சாமானைத் தேடிப் பிடித்தார்கள். சாமான் இல்லாதவர்கள் நடுவில் புகுந்துகொண்டார்கள். வெற்றிலை கை மாறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசலுக்கு ஓடினேன்.

"டீச்சர், பாருங்க! போகாம நிக்கிறாங்க!"

"தங்கட சாமானைப் பாக்க வந்த ஆக்களும் அவங்களோட வந்த ஆக்களும் சேத்தியில்லை," என்றார் பெரிய டீச்சர். "அவங்க பாதையிலயும் அப்பிடித்தான் நிப்பாங்க. வேற ஆள் பத்து நிமிஷம் நிக்கட்டும்."

நியாயம்தான். அந்த நியாயத்தின் மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது தெரியுமா?

ஒரு ஆள் குறையுது

இதற்கிடையில் துறையில் சாமித்தம்பி அண்ணன் தனியே நின்றிருக்கிறார். பின்னேரப் பாதைக்கு ஒரு குருவிகூட வரவில்லை. ஆட்களைத் தேடிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார், தோளில் கம்போடு. கம்பை அவர் யாரை நம்பி விட்டுவிட்டு வருவார்?

அறைக்குள் வந்தவர் அப்படியே நின்றார். தன்னுடைய பாதை, தன்னுடைய ஆட்கள், தன்னைத் தவிர எல்லாரும் அங்கே இருந்தார்கள். பின்பக்கம் போய்க் குனிந்து வெண்கட்டிப் பாதங்களைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் காலை வைத்தார். வலது கால் கொஞ்சம் முன்னால்.

"இதுக்கா டீச்சர் அளந்த நீங்க?"

"ஓம் அண்ண. இதுக்குத்தான்."

"என்ட பாதையைப் பறிக்கிறதுக்கு இல்லையா?"

"நான் சித்திர டீச்சர் எண்டு எத்தனை தரம் சொன்னன்!"

"மெய்தான், சொன்னீங்க." தாடையைத் தடவினார். "நாசமாப் போக, ஒரு கிழமை முழுக்க ஒவ்வொரு நாளும் சவரம் செஞ்சனே!"

அறை சிரித்த சிரிப்பில் முட்டி ஆடியது. அவரும் சிரித்தார், கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். பிறகு பழைய பாதைக்காரராகி, கண்ணால் ஆட்களை எண்ணினார்.

"ஒரு ஆள் குறையுது."

"அப்ப நிக்கட்டும்," என்றார்கள் எல்லாரும், பழக்கதோஷத்தில்.

சிரிப்புச் சத்தம் கேட்டுப் பெரிய டீச்சர் எழும்பினார். அமைதியாக இருங்கள் என்று சொல்லக் கதவைத் தாண்டி இரண்டு அடி உள்ளே வைத்தார். அவ்வளவுதான்.

"நிரம்பிற்று!" சாமித்தம்பி அண்ணன் கம்பைத் தரையில் டொம் என்று ஊன்றினார். "கயிறு அவுறு!"

சொன்னால் நம்பமாட்டீர்கள், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பின்னால் சாய்ந்து முன்னால் வந்தார்கள். யாரும் நடிக்கவில்லை. உடம்பு தானே செய்தது. பெரிய டீச்சரும் சாய்ந்தார், பக்கத்தில் இருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டார். உடனே கையை எடுத்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார்.

"நடுத் தண்ணியில இறங்கேலா டீச்சர்," என்றார் பொன்னம்மாக்கா, உண்மையாகவே பதறி. "ஆழம்!"

"என்ன பகிடி இது? வழி விடுங்க."

ஒருவரும் அசையவில்லை. சாய்ந்த சாய்வில் ஆட்கள் கதவை அடைத்துவிட்டார்கள், அவருக்கும் கதவுக்கும் நடுவில் புடவை மூட்டை, மீன் கூடை, ஆடு. பெரிய டீச்சர் ஆட்டைப் பார்த்தார். ஆடு அவரைப் பார்த்தது. அவர் அப்படியே நின்றார்.

பாதை போனது. சாமித்தம்பி அண்ணன் கம்பை ஊன்றினார், எடுத்தார், ஊன்றினார். அவசரப்படவில்லை, அவர் அவசரப்பட்ட அந்த ஒரு கிழமைக்கும் சேர்த்து மெதுவாகத் தள்ளினார். யாருக்கு யார் பெண் எடுக்கிறது, எந்த வயல் வட்டையில் நெல் கதிர் விடக் குடலை தள்ளிவிட்டது என்று கதை தொடங்கியது. இரண்டாவது நிமிஷம் பெரிய டீச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்றாவதில் பார்த்தார். நான் அவருடைய மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் மருந்துப் போத்தலைப் பார்த்தார், அது நெஞ்சுக்கு மேலே தொங்குவதைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். மணிக்கூட்டை மறந்துவிட்டார்.

ஜன்னலால் வந்த வெயில் அவருடைய கண்ணில் அடித்தது. கண்ணைச் சுருக்கினார். அலியார் காக்கா அதைக் கண்டார். ஒரு கணம் யோசித்தார். பிறகு, நான் சத்தியம் பண்ணிய அந்தக் குடையைத் தங்கூசியோடு சேர்த்துத் தானே இழுத்து, டப் என்று விரித்து, பெரிய டீச்சருக்குப் பிடித்தார்.

குடை முழுக்கப் பொத்தல். பூச்சி தின்று சல்லடையாகிவிட்டிருந்தது. பெரிய டீச்சரின் முகமெல்லாம் வட்ட வட்டமாக வெயில்.

"அல்லாவே!" என்றார் அலியார் காக்கா. "இதையா நான் இவ்வளவு நாளா மழையில நனையாமக் காப்பாத்தின!"

முதலில் சிரித்தது அவர்தான். இரண்டாவதாகச் சிரித்தது பெரிய டீச்சர். அவர் சிரித்து நாங்கள் கண்டதில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அக்கரை

"கரை வந்திற்று!" என்றார் சாமித்தம்பி அண்ணன்.

முதலில் இறங்கியது ஆடு. ஒரே பாய்ச்சலில் ஜன்னலால் வெளியே போனது. அதன் பின்னால் பொன்னம்மாக்கா, சீலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு. அதன் பின்னால் எல்லாரும். கடைசி அடி ஒவ்வொருவருக்கும் பேசினுக்குள்தான் விழுந்தது, சளக், சளக் என்று. அதை நான் திட்டமிட்டேன் என்று சொன்னால் பொய்.

பெரிய டீச்சர் கதவை நோக்கி நடந்தார். இப்போது வழி இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே நின்ற பொன்னம்மாக்கா தலையை உள்ளே நீட்டினார். "டீச்சர், எங்க போறீங்க? அது ஏறின பக்கம். அதால இறங்கினா மறுகா புறப்பட்ட இடத்துக்குத்தானே போவீங்க?"

பெரிய டீச்சர் நின்றார். கதவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு மேலே அவருடைய கையெழுத்தில் ஒட்டியிருந்த கட்டளையையும் பார்த்தார். வெளியே பள்ளிக்கூடம் முழுக்கக் கூடிவிட்டது. வெயிலில் நிற்க வைக்கப்பட்ட அந்த நான்கு பெண்பிள்ளைகளும் முன்வரிசையில் நின்றார்கள்.

சீலைக் கொய்யகத்தை ஒரு கையால் அள்ளினார். ஒரு காலைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தார். மற்றக் கால். சளக்.

முதலில் கை தட்டினது யார் என்று தெரியாது, ஊரே தட்டியது. நான் அவருக்குப் பின்னால் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினேன், என் காலும் பேசினுக்குள். இருவரும் ஈரச் சீலையோடு எதிரெதிரே நின்றோம். அவர் மணிக்கூட்டைத் திருப்பிப் பார்த்தார். எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது.

"எத்தனை டீச்சர்?"

"பதினேழு," என்றார். பிறகு, "சாவி அந்தக் கரையில, கதவில தொங்குது. போய் எடுத்து நீங்களே வெச்சுக்கொள்ளுங்க. மண்வெட்டியை நான் பாத்துக்கொள்றன்."

நான் சுவரைச் சுற்றி ஓடப் பார்த்தேன். பொன்னம்மாக்கா என் கையைப் பிடித்து இழுத்து ஜன்னலைக் காட்டினார். சரி என்று ஏறி உள்ளே குதித்தேன். கதவு எதிரே, பத்து அடி தூரம். பூட்டில் சாவி ஆடிக்கொண்டிருந்தது.

சாமித்தம்பி அண்ணன் வெண்கட்டிப் பாதங்களின் மேலேயே நின்றுகொண்டிருந்தார். கம்பைக் குறுக்கே நீட்டி என்னை மறித்தார்.

"எங்க டீச்சர் அவசரம்? ஆக்கள் நிரம்பட்டும்."

நான் நின்றேன். சேட்டின் மேல் பொத்தான் திறந்திருக்க, அவர் மடியில் இருந்து வெற்றிலையை எடுத்து எனக்குப் பாதி நீட்டினார். வாங்கிக்கொண்டு, ஜன்னலால் மறுபடி ஏறத் தொடங்கிய ஆட்களை இருவரும் எண்ணிக்கொண்டிருந்தோம்.